காற்றுக்கு ஓய்வு கொடுத்த விழா

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று காலை பத்தரை மணி முதல் நம் நகரில் காற்றுக்கு அதிகாரம் இல்லை. மின்கம்பிகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. புயல் இனி வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மைக்கில் அறிவித்தவர் கவுன்சிலர் கோதண்டம்.

மேடையின் கடைசி நாற்காலியில் அவள். பெயர் இல்லை. அழைப்பிதழில் 'பயனாளி' என்று போட்டிருந்தார்கள்.

கையில் அவர்கள் எழுதிக் கொடுத்த தாள். போன புயலில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல், ஆக்சிஜன் மெஷினோடு வாழும் கணவரைத் தூக்கிக்கொண்டு அலைந்த கதை. கடைசி வரியில் நன்றி.

மேடையிலிருந்து அவள் சந்து தெரிந்தது.

சந்து முனையில் ஒருவன் குழி தோண்டிக்கொண்டிருந்தான். எம்.எல்.ஏ.வின் முப்பதடி கட்-அவுட் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது. 'கீழே மின்கேபிள்' என்று நட்டிருந்த கல் இடைஞ்சலாக இருந்தது. பிடுங்கி ஓரமாக வைத்தான்.

கடப்பாறை இறங்கியது.

டப்.

பட்டாசு என்று கூட்டம் கைதட்டியது.

அவன் மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான். மைக் செத்தது. மேடைக்குப் பின்னால், குட்டியானை வண்டியில் இருந்த ஜெனரேட்டர் உறுமியது. மைக் பிழைத்தது.

மைக் பிடித்திருந்த எம்.எல்.ஏ. பூரித்துப்போனார். "பாத்தீங்களா! போன கரண்ட் பத்தே செகண்ட்ல வந்துடுச்சு. இதுதான் பூமிக்கடியில போற கேபிள்!"

மறுபடி கைதட்டல்.

அவள் போன் அதிர்ந்தது. மகள்.

"அம்மா, கரண்ட் போயிடுச்சு. அப்பாவ சிலிண்டர்ல போட்டிருக்கேன். இருபது நிமிஷம் கூட வராதும்மா."

அவள் எழுந்து கவுன்சிலரிடம் குனிந்து சொன்னாள்.

"ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போங்கம்மா. எம்.எல்.ஏ. அண்ணன் எதிர்பார்த்துட்டிருக்காருல்ல?"

அவள் தாளைப் பார்த்தாள். நான்காக மடித்தாள். அவர் மடியில் வைத்தாள்.

படி இறங்கி மேடைக்குப் பின்னால் போனாள். ஜெனரேட்டரிலிருந்து மேடைக்குப் போகும் ஒயரை மேடைப் பக்கத்தில் பிடுங்கி வண்டியில் போட்டாள்.

எம்.எல்.ஏ.வின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

டிரைவர் பதறினான். "அக்கா, ஃபங்ஷன் நடக்குதுக்கா!"

"வண்டிய எடு."

அவள் முகத்தைப் பார்த்தான். எடுத்தான். சந்து முனையில் பிரேக்.

"அண்ணன் படுத்திருக்காருக்கா."

நடப்படாத கட்-அவுட், கும்பிட்ட கைகளோடு, சந்தை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. முப்பதடியும் சிரிப்பு.

"ஏத்து."

"அக்கா..."

"ஏத்துடா!"

முன் சக்கரம் வேட்டியில் ஏறியது. பின் சக்கரம் பல்லில் இறங்கியது.

வீட்டு வாசலில் அவளே ஒயரை இழுத்துக்கொண்டு ஓடினாள். மெஷின் ஒரு முறை விக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. கணவரின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். சிலிண்டரின் முள் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் மின் அலுவலகப் பதிவேட்டில் எழுதினார்கள்.

மின்தடைக்கும் கட்-அவுட் சேதத்துக்கும் காரணம்: பலத்த காற்று.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை.