பீமனுக்கு வந்த சூப்

தூக்கு வாளியின் மூடி திறந்த சத்தம் கேட்டதும் நாய்க்குட்டி எழுந்துவிட்டது.

மூன்று காலில்.

நாலாவது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இது பின்னங்கால். போன வாரம் முன்னங்காலில் வலி. வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. பசி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

கணவர் முற்றத்தில் குனிந்து, குட்டியின் கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கால் சூப். கால் வலிக்குக் கால் சூப், இதற்கு எவனும் படித்துவிட்டு வரவேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

பேருந்து நிலையத்துப் பக்கம் காசிராஜன் பிரியாணிக் கடை அவருடையது. அங்கே யாரும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. கேட்பதற்குள் இலையில் விழுந்திருக்கும். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் விலா தெரிகிற நாயா? நாலு பேர் பார்த்தால் கடையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பீமன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கிரேட் டேன் குட்டி. ஐந்தே மாதத்தில் கன்றுக்குட்டி உயரம். வந்த நாளிலிருந்து முட்டை, ஈரல், கால்சியம் பொடி. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். பிளந்தார்கள்.

பிறகு குட்டி நொண்ட ஆரம்பித்தது.

கால்நடை மருத்துவர் நெஞ்சுக்கூட்டைத் தடவிப் பார்த்தார். விலா கையில் தட்டுப்படவே இல்லை. வளர்கிற வயதில் பெரிய ரக நாய்க்குட்டிகளுக்கு வருகிற வலிதான், தானே அடங்கும் என்றார். ஆனால் எடை இப்படியே ஏறினால் கால் வளைந்துவிடும். வளைந்தால் வளைந்ததுதான். எலும்பு அதன் வேகத்தில் வளரட்டும், பின்னால் நின்று தள்ளாதீர்கள். அளந்த தீனி, மூன்று வேளை. அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது.

அன்றிலிருந்து ஆழாக்கு அவள் கைக்கு வந்தது.

இன்றோடு பன்னிரண்டு நாள்.

பக்கத்து வீட்டு மரகதம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "பிரியாணிக் கடை வீட்டு நாய் பட்டினி கெடக்குதாம்ல" என்று யாரோ சொன்னதுபோலச் சொன்னாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அவள் மூடப் போகவும் இல்லை.

குட்டி காலிக் கிண்ணத்தை நக்கிவிட்டு அவளைப் பார்க்கும். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் உட்கார்ந்து அழுதே விட்டாள். அழுதுகொண்டே அடுத்த வேளைத் தீனியைத் தலைதட்டி அளந்தாள்.

இப்போது நேராகப் போய்க் கிண்ணத்தைப் பிடித்தாள். மறு விளிம்பு அவர் கையில் இருந்தது.

"விடு புள்ள. ஒருவாய் குடிச்சா செத்தா போயிரும்?"

அவள் விடவில்லை. மதிலுக்கு மேல் மரகதத்தின் தலை முளைத்தது.

அவர் குரல் ஏறியது. "என் வீட்டுல ஒரு உசுரு திங்கிறத நீ தடுப்பியா?"

இருபத்திரண்டு வருடமாக, அவர் குரல் இந்த உயரத்துக்குப் போனால் அவள் பேசமாட்டாள். இன்றும் பேசவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். கிண்ணம் அவள் கைக்கு வந்துவிட்டது.

கொட்டிவிடலாம். ஆனால் அந்த வீட்டில் சாப்பாட்டைக் கொட்டுகிறவள் மனுஷியே இல்லை. பட்டினி போட்டவள் என்ற பெயரோடு அதுவும் எதற்கு?

வாயில் வைத்துக் குடித்தாள்.

நாயின் கிண்ணத்தில்.

மதிலோரம் "ஆத்தாடி" என்று சத்தம் கேட்டது.

முதல் மிடறிலேயே நின்றுவிட்டாள்.

உப்பு இல்லை. மிளகு இல்லை. வெங்காய வாசனைகூட இல்லை. சூடும் இல்லை, பதமாக ஆற்றியிருந்தது.

கடையில் விற்கிற சூப்பில் நாலு கரண்டி மொண்டு வந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். இது அது இல்லை. மத்தியானக் கூட்டத்துக்கு நடுவில், தனி அடுப்பில், தனியாக நின்று காய்ச்சியது. நாய்க்கு உப்பும் வெங்காயமும் ஆகாது என்று மருத்துவர் போகிற போக்கில் சொன்னார். சொன்ன அத்தனையிலும் மனுஷன் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான்.

கிண்ணத்தை இறக்கி அவரைப் பார்த்தாள்.

அதற்காக விட்டுவிட முடியுமா? பிரியம் பிரியம்தான். ஆனால் வளைகிற கால் அவருடையது இல்லையே.

மடக் மடக்கென்று குடித்தாள். எலும்பு பல்லில் இடிக்கிற வரைக்கும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"நாளைக்கும் கொண்டாங்க. நாளைக்கும் நானே குடிப்பேன்."

மதிலுக்கு மேல் தலையைக் காணோம்.

பீமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வலிக்கிற காலை ஒருபக்கமாக நீட்டிப் படுத்துக்கொண்டது.

அவர் எட்டிக் கிண்ணத்தைப் பிடுங்கினார். எலும்பை எடுத்து மதிலோரம் எறிந்தார். தூக்கு வாளியில் இன்னும் பாதி சூப் இருந்தது. அவள் அதன் முன்னால் மறித்து நின்றாள். இன்னொரு கிண்ணம் குடிக்க வயிற்றில் இடமில்லை. இருந்தாலும் நின்றாள்.

அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழாயடிக்குப் போனார். கிண்ணத்தைத் தேய்த்தார். கடைப் பாத்திரம்கூட அப்படித் தேய்த்திருக்கமாட்டார். குழாயைத் திறந்து வெகுநேரம் தண்ணீர் பிடித்தார்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். குட்டியின் முன்னால் குந்தி, மெதுவாக இறக்கி வைத்தார்.

வைக்கும்போதே நாலு பக்கமும் வழிந்தது.