கூப்பிட்டுச் சாப்பிடும் ஊர்

கப்பலில் தொற்றிக்கொண்டு வந்த காகம் ஒன்று தெரியாத தேசத்தில் இறங்கியது. அங்கே வேறு காகமே இல்லை. ரொட்டித்துண்டு கிடைத்ததும் பழக்கதோஷத்தில் "கா, கா" என்று கூப்பிட்டது. வந்ததெல்லாம் வெள்ளைக் கடற்பறவைகள். மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "தனியாத் தின்னத் தெரியாத மடையன்" என்று சிரித்தன. காகம் மறுநாளும் கூப்பிட்டது. வருஷக்கணக்காகக் கூப்பிட்டது.

ஒருநாள் பாறைக்கு அப்பாலிருந்து "கா, கா" என்று குரல் வந்தது. நம் இனம்தான் என்று காகம் மூச்சிரைக்கப் பறந்தது. அங்கே ஒரு கடற்பறவைக் குஞ்சு, மீனைத் தொடாமல் காத்திருந்தது.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்றது காகம்.

"இதுக்கு யார் சொல்லணும்? எங்க ஊர்ல கூப்பிடாம சாப்பிட மாட்டோம்" என்ற குஞ்சு, மீனைக் காகத்தின் பக்கம் நகர்த்தியது. "சாப்பிடுங்க. ஊருக்குப் புதுசா?"