பக்கத்துச் சீற்றுக்காரர்

“படம் நல்லமெண்டு அப்பா சொன்னா நீங்களும் நல்லமெண்டு சொல்லுங்கோ. கூடாதெண்டா கூடாது. உங்கட சொந்த அபிப்பிராயத்தை வாசலிலேயே விட்டிட்டுப் போங்கோ, ப்ளீஸ்!”

டிலக்சனா போனில் கெஞ்சினாள். லண்டன் குறொய்டன் தியேட்டர் வாசலில் நின்ற றொஷான் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அவர் உள்ளுக்கை போயிட்டாரோ?”

“இப்பதான் இறக்கிவிட்டனான். அவருக்கு எச் பதினொண்டாம் சீற், உங்களுக்குப் பக்கத்திலை எச் பன்னிரண்டு. ஆரெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. முதல்ல அவருக்கு உங்களைப் பிடிக்கட்டும். படம் முடிய நான் ஏத்த வருவன்தானே, அப்ப அறிமுகப்படுத்துறன்.”

டிலக்சனாவின் அப்பா பாஸ்கரன் லேசுப்பட்ட ஆள் இல்லை. தமிழ்ப் படமே பார்ப்பதில்லை என்று பெருமையடித்த ஒரு மாப்பிள்ளையைத் தேத்தண்ணியோடு திருப்பி அனுப்பியவர். இந்தப் படத்தின் கதாநாயகன் என்றால் அவருக்கு உயிர். இன்று அவருக்கு றொஷானைப் பிடிக்காமல் போனால் கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது என்று டிலக்சனா சொல்லியிருந்தாள்.

றொஷான் அவரைக் கண்டதில்லை. போட்டோவிலும் பார்த்ததில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கமெராவைத் தூக்குகிறவர் அவர்தான் என்பதால், ஒரு போட்டோவிலும் அவர் இல்லை. “மீசை, கண்ணாடி, பிறவுண் ஜக்கெற்” என்பதுதான் டிலக்சனா கொடுத்த அடையாளம்.

உள்ளே ஒரே கலகலப்பு. சனம் எழும்பி, இடம் மாறி, சொந்தக்காரரைக் கண்டு கை காட்டிக்கொண்டிருந்தது. டிக்கெற்றைப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெட்டை சிரித்துக்கொண்டே கைவிட்டுவிட்டுப் போனாள்.

எச் பதினொன்றில் மீசை இருந்தது, கண்ணாடி இருந்தது, பிறவுண் ஜக்கெற்றும் இருந்தது. ஜக்கெற்றுக்குள் இருந்து மட்டன் றோல்ஸ் மணம் வந்தது. றொஷான் பயபக்தியோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

கதாநாயகன் திரையில் குதித்தான். விசில் பறந்தது.

“பாத்தீரே தம்பி, வாற வரத்தை!”

“அந்தமாதிரி அங்கிள்!”

“ஒரு உதை, லொறி ரெண்டு துண்டு!”

“அதுவும் புது லொறி அங்கிள். அதுதான் விசேஷம்.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு றோலை எடுத்து றொஷானின் கையில் வைத்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

இடைவேளைக்கு லைட் போட்டதும் அவர் தேத்தண்ணி வாங்கப் போனார். றொஷான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“தலையிடியோ தம்பி?” பின்வரிசை மனிதர் குனிந்து கேட்டார். “உண்மையைச் சொல்லும், படம் எப்பிடி?”

முன்பின் தெரியாத ஆளிடம் உண்மை சொல்வதில் என்ன பயம்? றொஷான் கொட்டித் தீர்த்தான்.

“ஏலாது அங்கிள்! ஹீரோவுக்கு என்ரை அப்பான்ரை வயசு. கம்பசுக்குப் படிக்கப் போறாராம். ஓடேக்கை முழங்கால் மடியுதில்லை. தாய்க்காரியா வாறவ அவரிலும் இளசு!”

“பிறகேன் பக்கத்தில இருந்தவருக்கு அப்பிடித் தாளம் போட்டனீர்?”

“அவர் எனக்கு மாமாவா வரப்போறவர் அங்கிள். அவருக்கு அது தெரியாது. மகளுக்கு டிலக்சனா எண்டு பேர். என்ரை அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை, வேலைக்கு லீவு போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டந்து பருக்கினவள். அவளுக்காக இந்தப் படத்தை இன்னொருக்காவும் பாப்பன்.”

“இதை இன்னொருக்காவோ?”

“ஓம் அங்கிள்.”

அந்த மனிதர் தன் பொப்கோர்ன் பெட்டியை முன்னால் நீட்டினார்.

இரண்டாம் பாதியில் றொஷான் வஞ்சகமில்லாமல் புகழ்ந்தான். தாய் அழுதபோது அவனும் கண்ணைத் துடைத்தான். படம் முடிந்து வெளியே வரும்போது எச் பதினொன்றின் கை அவன் தோளில் கிடந்தது. வென்றுவிட்டோம் என்று அவனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

காரடியில் டிலக்சனா நின்றாள். அவன் அடக்க முடியாமல் கத்திவிட்டான்.

“அப்பாவுக்கு என்னை நல்லாப் பிடிச்சிட்டுது!”

டிலக்சனா முழித்தாள். “இது ஆர்?”

“நான் நோர்பரியிலை இருக்கிறனான், பிள்ளை” என்றார் அவர் குழம்பிப்போய். “எனக்கு ரெண்டும் பெடியள்தானே!”

“அப்ப ஏன் எச் பதினொண்டிலை இருந்தனீங்கள்?” றொஷான் அவர் பக்கம் திரும்பினான்.

“தமிழ்ப் படத்துக்கு ஆர் தம்பி நம்பர் பாத்து இருக்கிறது? இடம் கிடந்தது, இருந்தன்.”

பின்னால் யாரோ இருமினார்கள். பின்வரிசை மனிதர், கையில் மடித்து வைத்திருந்த பிறவுண் ஜக்கெற்றை உதறிப் போட்டுக்கொண்டு வந்து, கார்க் கதவைத் திறந்தார்.

“அப்பா!” என்றாள் டிலக்சனா.

“என்ரை சீற்றிலை ஆள் இருந்தது மகள், எழுப்புவான் ஏனெண்டு பின்னாலை இருந்திட்டன்” என்றார் பாஸ்கரன். “நீர் முன்னுக்கு ஏறும் தம்பி. அந்த முழங்கால் கதையை வீடு போய்ச் சேரும் மட்டும் ஆறுதலாச் சொல்லிக்கொண்டு வாரும். நான் கோவிப்பனெண்டு பயந்து வீட்டிலை ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லுறேல்லை!”