நடு ஓட்டம்

“என்ன வாசம் வருது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, சீக்கிரம்!”

மூன்று மாதம் அரிசியோடு மல்லுக்கட்டி எடுத்த புது சாக்கே மது, பிழியும் பெட்டியின் குழாயில் ஒழுகிக்கொண்டிருந்தது. வடிசாலை மேஸ்திரி ஹிசாயோ ஒரு கையைத் தூக்கியபடி நின்றாள். அந்தக் கை இறங்கினால் ஜாடியை மாற்ற வேண்டும்.

முதலில் வருவது முரடு. கடைசியில் வருவது கசப்பு. நடுவில் ஓடுவதுதான் போட்டிக்குப் போகும்.

போன வருடம் கை கொஞ்சம் சீக்கிரம் இறங்கிவிட்டது. தங்கப் பதக்கம் மயிரிழையில் போச்சு. இந்த வருடமும் போனால் வேறு மேஸ்திரி பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஹிசாயோவுக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவன் டெட்சுயா. குழாயடியில் கிண்ணத்தைப் பிடித்து மோந்தான்.

“பச்சை அரிசி வாசம்க்கா.”

“எனக்கு இன்னும் ஈஸ்ட் நெடிதான்,” என்றார் அரிசி வேகவைக்கும் ஒகுடா.

ஹிசாயோவும் மோந்தாள். ஒரு வாய் உருட்டித் துப்பினாள். ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அந்தப் பனியில் யார்தான் உறிஞ்சவில்லை?

ராட்சசி, எங்களுக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று டெட்சுயா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அடுத்த கிண்ணம். அதற்கடுத்தது.

அடேயப்பா! பழுத்த பேரிக்காயை மூக்குக்கு நேரே அறுத்த மாதிரி இருந்தது.

“வந்திருச்சுக்கா! பேரிக்காய்!”

“எனக்கு ஒண்ணும் வரலையே. அவசரக்குடுக்கை!” என்றார் ஒகுடா.

ஹிசாயோ டெட்சுயாவின் முகத்தையே பார்த்தாள். கையை இறக்கினாள்.

ஜாடி மாறியது. அடுத்த கிண்ணத்தை மோந்த ஒகுடா, “ஐயோ, என்ன மணம்டா இது!” என்று குதித்தார். கிண்ணத்தோடு மற்றவர்களைக் கூப்பிட ஓடினார்.

டெட்சுயாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஸ்திரி மூக்கும் அவன் மூக்கும் ஒரே நொடியில் சொல்லியிருக்கின்றன! ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தலாம் போலிருந்தது.

அவள் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினான். சாக்கே மோந்து பார்க்கிற அதே மாதிரி, உள்ளே நீல வளையம் போட்ட வெள்ளைக் கிண்ணம்.

ஹிசாயோ அதை வாங்கி, கண்ணை மூடி, நீளமாக மோந்தாள்.

“ஆமாண்டா, பேரிக்காயேதான். என்னமா தூக்குது!”

டெட்சுயா சட்டென்று திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

“தூக்குதுக்கா,” என்றான்.