முப்பத்தெட்டாவது ஆதாரம்

இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் மற்றதெல்லாம் பிரிண்ட் ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தை மட்டும் செல்வராணி போட மாட்டேன் என்கிறாள்.

"அக்கா, ஒரு மணிக்குள்ள காலேஜ் ஆபீஸ்ல குடுக்கணும். விட்டா இன்னும் ஆறு மாசம். நாலு காப்பி பைண்டிங்குக்கே ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள் ஐஸ்வர்யா. உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி மூன்று வருடம் அலைந்து ஆராய்ச்சி செய்தவள். அதை டைப் அடித்தவள் செல்வராணி.

செல்வராணி கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினாள். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு வராது.

"முப்பத்தெட்டாவதுல பேரு இல்லையே தங்கச்சி."

"அது வெப்சைட்டுக்கா. லிங்க் குடுத்திருக்கேன்ல."

"லிங்க் மட்டும் போதாது. எழுதினவங்க பேரு, வருஷம், தலைப்பு, லிங்க், நாம பார்த்த தேதி. நெட்டுல எடுத்ததுக்கு இந்த அஞ்சும் வேணும். நீங்க பேரு இருக்க வேண்டிய எடத்துல 'பெயர் இல்லை'ன்னு போட்டிருக்கிய."

உள்ளே பைண்டிங் பசை கலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் சுந்தரராஜ் அண்ணாச்சி சிரித்தார்.

"எட்டாங்கிளாஸ்காரி டாக்டர் படிப்புக்குத் திருத்தம் சொல்லுதா, பாத்தியளா? தீசிஸ் அடிச்சு அடிச்சு இவளே பாதி டாக்டர் ஆயிட்டா."

ஐஸ்வர்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் போன் அடித்தது. கைடு மேடம்.

"ஐஸ்வர்யா, நெட் ஆதாரத்துல பேர் இல்லாதது ஏதும் இருந்தா தூக்கிடு. வைவாவுல முதல் கேள்வியே அதுதான் வரும்."

தூக்குவதா? மூன்றாம் அத்தியாயமே அந்த ஒரு வலைப்பக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. 'உப்பளத்துக் காத்து' என்று தலைப்பு. எந்தக் காற்று அடித்தால் உப்பு எப்படி விளையும், எந்தக் காற்றுக்குக் கண் எரியும், எது வந்தால் பாத்தியை விட்டுக் கிளம்ப வேண்டும்; எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத விஷயம். பதினோரு இடத்தில் எடுத்துப் போட்டிருந்தாள்.

"இப்ப எங்க போய்ப் பேரைத் தேடுவேன்? அதுல ஒரு போன் நம்பர்கூட இல்ல." ஐஸ்வர்யாவின் குரல் உடைந்தது.

அண்ணாச்சி பசைக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"எது, உப்பளத்துக் காத்தா? அத ஏம்மா ஊரெல்லாம் தேடுத? இந்தா உக்காந்திருக்காள்லா, இவ போட்டதுதான். மத்தியானம் பிள்ளையத் தூங்க வச்சிட்டு, இங்கன உக்காந்து தட்டிக்கிட்டு இருப்பா."

ஐஸ்வர்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களாக்கா? மூணு மாசமா நான் தேடுன ஆளு என் முன்னாலயே உக்காந்து என் தீசிஸை அடிச்சிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே."

மூன்றாம் அத்தியாயம் அடித்த அன்றே செல்வராணிக்கு அது தான் போட்டது என்று தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆதாரப் பட்டியல் கைக்கு வந்தது இன்று காலையில்தான்.

"சீக்கிரம் உங்க பேரை அடிங்கக்கா. இன்ஷியல் என்ன?"

செல்வராணியின் விரல் நகரவில்லை. பக்கத்தில் கிடந்த செல்போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"பதினொன்றரை ஆகட்டும் தங்கச்சி."

"பதினொன்றரைக்கு என்ன?"

"நல்ல நேரம் பாக்குதா போல," என்றார் அண்ணாச்சி. "மொத மொதல்ல அச்சுல பேரு வருதுல்லா. பவுசு இருக்கத்தானே செய்யும்."

ஐஸ்வர்யாவுக்குக் கோபம் வந்தது. "பேரு வேணும்னு அடம் பிடிச்சது நீங்கதான். இப்ப அடிக்கச் சொன்னா பிகு பண்ணுதீங்க. என் அவசரம் உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

செல்வராணி மற்ற பக்கங்களை நாலு கட்டாக அடுக்கி, கடைசிப் பக்கத்துக்கு மட்டும் இடம் விட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தாள்.

பதினொன்று முப்பத்திரண்டுக்குச் செல்வராணியின் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். பதற்றத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது. கடைக்குள் காற்றுச் சத்தம் கேட்டது.

"ஏளா, பத்துத் தடவ கூப்பிட்டிருக்க. உப்புத்தண்ணி பட்டு ரெண்டு போன் போச்சுன்னு இத சோத்து வாளிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். இப்பத்தான் கஞ்சி குடிக்க வரப்புல ஏறுதோம். உம் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல பேச்சிக்கா. குழாயடியில தண்ணி பிடிக்கும்போது காத்தப் பத்தி எங்கிட்ட சொல்லுவியள்லா, அத ஒரு தங்கச்சி காலேஜ் புக்குல எழுதியிருக்காவ. அதுல ஒங்க பேரப் போடணும். போடட்டுமா?"



"எம் பேரா? கல்யாணப் பத்திரிகையில போட்டது. அதுக்குப் பொறவு எவன் அச்சடிச்சான்? போடு, போடு. பெருசாப் போடு."

"இன்ஷியல் வேணும்க்கா. அண்ணன் பேரப் போடவா?"

"அந்த மனுசனுக்குக் கச்சான் காத்து எது, வாடக்காத்து எதுன்னு தெரியுமா? எங்கய்யா வன்னியபெருமாள் பேரப் போடு."

செல்வராணியின் விரல்கள் ஓடின. 'பேச்சிச்செல்வி, வ.'

ஐஸ்வர்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா எழுதினது நீங்கதானேக்கா?"

முதல் தடவையாகச் செல்வராணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அடிச்சவ தங்கச்சி. இந்த இருநூத்திப் பத்துப் பக்கமும் நாந்தான் அடிச்சேன். அதுக்காக அட்டையில எம் பேரையா போட்டிருக்கிய?"