மூன்று மாதத்தில் குணம்

"மாத்திரை வேணாம் டாக்டர். உடம்பு தானா தேறட்டும்" என்றாள் டீச்சர், மூன்றாவது முறையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆறு வாரத்துக்கு முன்பு டீச்சரின் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர் அவர்தான். தையல் ஆறிவிட்டது. ஆள்தான் தேறவில்லை.

"இது தானா தேறாதும்மா. உங்களுக்கு நாற்பத்திரண்டு வயசுதான் ஆகுது. ஹார்மோன் சுரக்கிற இடத்தையே எடுத்தாச்சு. இனி வெளியில இருந்துதான் கொடுக்கணும். தூக்கம் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"பொய்!" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த லிஃப்ட் மெக்கானிக். "ராத்திரிக்கு நாலு தடவை வேர்த்துக் கொட்டி எழுந்திருக்கா. தலையணை உறையை மாத்துறதே நான்தான். நேத்து பால் பொங்கி வழிஞ்சதுக்கு அரை மணி நேரம் அழுதா டாக்டர்."

"இவர் எதையும் பெருசு பண்ணுவார்" என்றாள் டீச்சர். "மாத்திரை போட்டா மார்புல கட்டி வரும், ரத்தம் உறையும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க."

"அபாயமே இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா உங்க குடும்பத்துல யாருக்கும் அந்த நோய் இல்ல. உங்களுக்குப் பிரஷர் இல்ல. இந்த வயசுல போடாம விட்டாத்தான் எலும்புக்கும் இதயத்துக்கும் கெடுதல். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே பார்த்துக்கறேன். முடிவு உங்களுது. போட்டீங்கன்னா மூணு மாசத்துல பழைய ஆளா நடமாடுவீங்க."

டீச்சரின் முகம் இன்னும் வாடியது.

டாக்டரம்மா சிரித்தபடி சீட்டை மெக்கானிக்கிடம் நீட்டினார். "இப்படி ஒரு வீட்டுக்காரர் எத்தனை பேருக்கு அமையும்? நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள்.

வீட்டில் அவளைச் சோபாவில் உட்காரவைத்தான். மாத்திரை அட்டையோடு வந்த காகிதத்தை மூக்குக் கண்ணாடி போட்டு வரி விடாமல் படித்தான். பிறகு ஒரு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வந்தான்.

"லிஃப்ட்ல கயிறு தேஞ்சா மாத்தித்தான் ஆகணும். தானா சரியாகும்னு காத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"நான் என்ன லிஃப்டா?"

"லிஃப்டா இருந்தா பட்டனை அமுக்கினா கேக்குமே!"

அவள் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண் கலங்கியது. அவன் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"நிஜமா சொல்லு. என்ன பயம் உனக்கு? அந்த அக்கா சொன்னதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"மூணு மாசத்துல நல்லாயிடுவேன்னு டாக்டர் சொன்னாங்களே, அதுதான்."

"அதுல பயப்பட என்ன இருக்கு?"

"நல்லாயிட்டா நீங்க கிளம்பிடுவீங்க." என்றாள். "நமக்கு விவாகரத்து ஆகி நாலு வருஷமாச்சு. ஆபரேஷன்னு கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்தானே நீங்க?"

மெக்கானிக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். பிறகு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மெல்ல மூடினான்.

"என் ரூமை மூணு வாரத்துக்கு முன்னாடியே காலி பண்ணிட்டேன். நீ நல்லானதும் என்னைப் போகச் சொல்லிடுவியோன்னு பயந்துதான் இன்னும் உன்கிட்ட சொல்லல."