மணலுக்கும் ரோட்டுக்கும்

“பீச்சுல நிறுத்தி போட்டோ புடிக்கத்தானே சார் வண்டி? அதுக்கு இன்னாத்துக்கு மைலேஜ் எல்லாம் கேட்டுகினு கீற?” என்று சிரித்தார் டயர் கடைக்காரர் தாமோதரன்.

பிரவின்குமார் அடுக்கி வைத்திருந்த டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தக் கடையின் வாசலில் அவனுடைய பிக்கப் நின்றது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. சிறுசேரி சாப்ட்வேர் வேலையின் மிதப்பில் ஆசை ஆசையாக எடுத்தது. இப்போது நான்கு டயரும் மொட்டை.

தாமோதரன் மேலெல்லாம் முரட்டு ரப்பர்ப் பட்டன்கள் துருத்திய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். “இத்த போடு சார். பாக்கவே புலி மாரி கீது. ஐடி ஆளுங்க இத்தத்தான் கேட்டு வாங்கினு போறாங்க. ஈசிஆர்ல காபி குடிக்கப் போனா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க.”

“அது டீசல் நிறையக் குடிக்கும். சீக்கிரமும் தேஞ்சிடும்,” என்றான் பிரவின். “எனக்கு மணல்லயும் போகணும், ரோட்லயும் போகணும். ரொம்ப நாள் உழைக்கணும்.”

“டீசலப் பத்தி நீ கவலப்படறியா?” என்றாள் அவன் மனைவி ஹரிப்ரியா. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “அண்ணா, சார் பெரிய ஆபீசர். இந்த டயருக்காக ஒரு மாசமா வீடியோ பாக்கறாரு. கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்திகூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டாரு.”

தாமோதரன் விழுந்து விழுந்து சிரித்தார். பிரவினுக்குக் காது சுட்டது. கொஞ்ச காலமாகவே அவள் பேச்சு இப்படித்தான். சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைப்பதில்கூட ஓர் இளக்காரம் இருந்தது. இன்றைக்கு அவன் தனியாகத்தான் வருவதாக இருந்தான். “நானும் வர்றேன். நீ அங்க என்ன கிழிக்கிறேன்னு பாக்கறேன்” என்று அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று அவனுக்குள் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்பே சிறுசேரி வேலை போய்விட்டது. இன்னமும் காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவான். கேளம்பாக்கம் தாண்டியதும் கழற்றிவிடுவான். கோவளம் கடற்கரையில் ஜெரோம் என்ற மீனவர் ஏற்றிவிடும் மீனையும் ஐஸையும் மாமல்லபுரத்து ஓட்டல்களில் கொண்டுபோய் இறக்குவான். பிறகு தொட்டியை வாசனை போகக் கழுவிவிட்டு, ஆபீஸ் முடிந்து வருகிறவன் போல வீடு திரும்புவான்.

டீசல் குறைவாகக் குடித்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். பாரத்தோடு வண்டி மணலில் புதைந்தால் அன்றைய மீன் அத்தனையும் பாழ். இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் அவன் அந்தக் கடையில் திணறிக்கொண்டிருந்தான்.

எப்படிச் சொல்வது? ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டபடி முன்னால் ஏதாவது மீன் வண்டி போனால் கண்ணாடியை ஏற்றி முகம் சுளித்தவன் அவன். பக்கத்து சீட்டில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டவள் இவள்.

போன் அடித்தது. ஜெரோம். அவசரமாகக் கட் செய்தான்.

“எடுக்க வேண்டியதுதானே? ஆபீஸா இருக்கும்,” என்றாள் ஹரிப்ரியா. “நீ இல்லாம கம்பெனியே நின்னுடப் போகுது.”

தாமோதரன் அலுத்துப்போய், பட்டன் இல்லாத வழவழப்பான டயர் ஒன்றைத் தட்டினார். “மைலேஜ்தான் வோணும்னா இத்த எடுத்துக்கோ சார். சத்தமே வராது. வருசக்கணக்கா ஓடும்.”

“இதை மணல்ல எறக்கினா அப்புறம் யாரு தள்றது?” என்று ஹரிப்ரியா வெடுக்கெனக் கேட்டாள். “இவரா? ஒரு வாளி தண்ணி தூக்கினாலே மூச்சு வாங்கும்.”

பிரவின் அந்தப் பக்கம் திரும்பாமல், முரட்டு டயருக்கும் வழவழப்பான டயருக்கும் நடுவில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினான். பட்டன் அளவாக, நெருக்கமாக இருந்தது. “இது... பின்னாடி பாரம் வச்சா தாங்குமா?”

“உனக்கு இன்னா பாரம் சார்? கூடாரமும் கூல்டிரிங்ஸ் பொட்டியும்தானே?” தாமோதரனின் உதடு கோணியது. “அதுலயே ரெண்டு கீது. ஜாலியா சுத்தறவங்களுக்கு லேசானது. லோடு அடிக்கிறவங்களுக்கு சைடு கெட்டியானது. வெயிட் ஏத்தி ஓட்டினா கெட்டியானதுதான் தேயாம நிக்கும். காலி வண்டில போட்டா தூக்கித் தூக்கிப் போடும். இன்னா ஏத்தப் போறன்னு சொல்லு, அதுக்கேத்தத எடுத்துத் தரேன்.”

பிரவினுக்கு வேண்டியது அந்தக் கெட்டியான டயர். கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். ஹரிப்ரியா போனைத் தாழ்த்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மாதான்... சனி ஞாயிறுல பிரெண்ட்ஸோட பீச்சுக்குப் போவோம்,” என்றான். “லேசானதே போட்டுடுங்க.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இவ்ளோ நேரம் பேஜாரு பண்ணிகினு!” தாமோதரன் லேசான டயரை இழுக்கக் குனிந்தார்.

ஹரிப்ரியா எழுந்து வந்தாள். பிரவினை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை நாளில் அவளிடம் அவன் வாங்கிய பார்வைகளிலேயே கேவலமான பார்வை அது.

“இன்னைக்காவது வாயத் திறப்பேன்னுதான் கூட வந்தேன்,” என்றாள்.

பிறகு கடைக்காரரின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, மீன் வண்டிங்களுக்கு எதைப் போடுவீங்களோ, அதையே போடுங்க.”